அது உதிர்க்கும் முடி

பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

இங்கே முழங்காலைத் தவிர மற்றவையெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. அங்கே யாருக்கு என்ன சளி, யாருக்கு என்ன வலி என்று மறைக்காமல் எழுது. போனில் பேசினால் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நாம் சண்டைக்கு நிற்கிறோம். கடிதத்தில் சண்டை வந்து சேரவே ஒரு வாரம் ஆகும், அதற்குள் ஒருத்திக்காவது கோபம் ஆறிவிடும்.

அச்சகத்தில் எனக்கு ஜூன் மாதத்தோடு கடைசி. வழியனுப்பு விழாவாம். மேனேஜர் என்னைப் பாராட்டிப் பேசப்போகும் உரையை என்னிடமே பிழை திருத்தக் கொடுத்திருக்கிறார். முதல் பத்தியிலேயே இருக்கிற ஒற்றுப்பிழைகளைப் பார்த்தால், இத்தனை வருஷம் நான் அங்கே உட்கார்ந்து என்ன கிழித்தேன் என்று எனக்கே சந்தேகம் வருகிறது. அதே நேரம் பார்த்து வீட்டு ஓனரும் கட்டடத்தை இடிக்கப் போகிறேன் என்று வந்து நிற்கிறான். ஆக, நீ கூப்பிட்டபடி உன்னிடம்தான் வருகிறேன். வேறு போக்கிடம் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

ஆனால் வீடு சுத்தமாக இருக்க வேண்டும். போன தடவை உன் வீட்டில் தங்கிவிட்டு வந்து, என் கறுப்புச் சால்வையிலிருந்து முடி பொறுக்குவதையே வேலையாக வைத்திருந்தேன். வேக்குவம் கிளீனர் வாங்கப் போவதாகச் சொன்னாயே, என்ன ஆயிற்று? உன் வீட்டுக்காரர், அந்தப் பிரேக்காரர், எல்லாவற்றுக்கும் போடுவதுபோல் அதற்கும் பிரேக் போட்டுவிட்டாரா? டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கு ஆக்சிலரேட்டர் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினால் தேவலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

எனக்கு முதுகுவலி, அவருக்குத் தொண்டை, பாப்பாவுக்குப் பரீட்சை. மற்றபடி எல்லாரும் நடமாடுகிறோம். உன் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை அதையும் பார்த்துத் திட்டிக்கொண்டு மட்டும் இருக்கிறாயா?

கடைக்குப் போனேன். டை கட்டிய ஒரு பையன், கோட்டுக்குள் ஹாங்கரோடு நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு, தரைவிரிப்பில் சோடா உப்பைக் கொட்டி உறிஞ்சிக் காட்டினான். "பாத்தீங்களா மேடம், ஒரு துளி இல்ல" என்று பெருமை வேறு. எங்கள் வீட்டில் யாரும் சோடா உப்பு உதிர்ப்பதில்லை என்றேன். கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து விரிப்பில் கவிழ்த்தேன். தடியனைச் சீவியபோது வந்த முடி. தடியன் யாரென்று மறந்திருக்க மாட்டாய், எங்கள் நாய். கவர் பாப்பாவின் யோசனை. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மெஷினை ஓட்டினான். பாதி முடி உள்ளே போயிற்று, மீதி உருண்டையாகச் சுருண்டு மெஷினுக்கு முன்னால் ஓடியது. பாப்பா அடக்கமாட்டாமல் சிரித்தாள். "ஹெப்பா ஃபில்டர் இருக்கு மேடம்" என்றான். முடியே உள்ளே போகவில்லை, அதில் எதை வடிகட்டுவது? அடுத்த மெஷினுக்கு வயரே கிடையாது, சார்ஜ் போட்டு ஓட்ட வேண்டும். வீட்டைப் பாதி பெருக்குவதற்குள் மயங்கி விழுமாம். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அப்படித்தான் இருக்கிறார், போதும் என்று வந்துவிட்டோம்.

தடியன்மேல் கோபப்படாதே. வெயில் ஏற ஏற அவன் கொட்டத்தான் செய்வான். பூனையும் தன் பங்குக்குச் சோபாவில் விட்டு வைக்கிறது. அவர் முதல் மனைவி, பாப்பாவைப் பெற்றவள், இருந்த காலத்திலேயே வந்தவன் தடியன். அந்த அம்மா போனபிறகு பாப்பாவின் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறான். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது முதலில் வாலாட்டியது அவன்தான், பாப்பா இல்லை. அவள் இன்னும் என்னை "இங்க பாருங்க" என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஆனால் ஒன்று கேள். நீ அவள் அறையில்தான் தங்கப் போகிறாய் என்றதும் நேற்று அவள் கேட்கிறாள்: "பெரியம்மா எந்தப் பக்கம் தலை வச்சுப் படுப்பாங்க? கட்டிலைத் திருப்பிப் போடணும்." பெரியம்மா! என்னை அம்மா என்று ஒரு தடவை சொல்லாத பெண் உன்னைப் பெரியம்மா என்கிறாள். நீ அவளுக்குப் பெரியம்மா என்றால் நான் அவளுக்கு என்ன முறை என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். சீக்கிரம் வந்து சேர்.

உன் தங்கை

*

மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

தைலம் தேய்க்கிறேன், வலி அதைச் சட்டை செய்யவில்லை. உன் முதுகுக்கு நிமிர்ந்து உட்கார். பிரேக்காரர் தொண்டைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்.

முதலில் உன் தமிழ். நாயைப் பக்கத்துக்குப் பக்கம் 'அவன்' 'அவன்' என்று எழுதியிருக்கிறாய். வைத்த பெயரே தடியன், அதற்கு ஆண்பால் விகுதி ஒன்றுதான் குறைச்சல். திணைவழு, தங்கையே. சிவப்பு மையால் சுழித்து வாசித்தேன், கை தானாகப் போகிறது. நாய் அஃறிணை. 'அது' என்று எழுதப் பழகு.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தோடு சேர்த்து உன் தலையில் கட்டிய சுமை அது. நீயும் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறாய். போன தடவை பார்த்தேனே! சோபாவில் முடி, தலையணையில் முடி, குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டையில் ஒரு கொத்து முடி. கூப்பிட்டால் வருவதில்லை. கூப்பிடாதபோது கதவோரமாக வந்து நின்றுகொண்டு வெறித்துப் பார்ப்பது. நாம் இருவரும் நம் வீட்டுப் பேச்சு பேசிச் சிரிக்கும்போது, காது அந்தப் பக்கம் இருப்பது எனக்குத் தெரியாதா? சாப்பிடும்போது என் தட்டையே பார்த்தது, எனக்கு இறங்கவில்லை. பூனைமேல் எனக்குப் புகார் இல்லை. ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற நாகரிகம் அதற்காவது இருக்கிறது.

நீ எந்த மெஷினை வேண்டுமானாலும் வாங்கு. இதற்கெல்லாம் மெஷின் பதில் சொல்லுமா என்று யோசி.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

திருத்தத்துக்கு வணக்கம். இனி 'அது' என்றே எழுதுகிறேன், தடியன் காதில் விழாதபடி. வாழ்நாள் முழுக்க எழுத்துப்பிழை பார்த்தவளோடு இலக்கணச் சண்டைக்கு வர நான் என்ன பைத்தியமா?

எங்கள் முதுகும் தொண்டையும் தேவலை. உன் முழங்கால் எப்படி?

நீ எழுதியதெல்லாம் சரிதான். அது தட்டைப் பார்க்கத்தான் பார்க்கும், அதன் பிறவிக் குணம். இப்போது சாப்பாட்டு நேரத்தில் வெளியே விட்டுவிடுகிறோம். குளியலறை ஓட்டைக்குச் சல்லடை போட்டாயிற்று. அதை அங்கே குளிப்பாட்டுவதையும் நிறுத்திக் கொல்லைக் குழாய்க்கு மாற்றிவிட்டேன்.

இவருடைய சிநேகிதர் ஒருவர், தானே ஊர்ந்துபோய்ப் பெருக்கும் ரோபோவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். வட்டமாக, தண்ணீர்ப்பானை மூடி மாதிரி ஒரு சாமான். அதைக் கீழே வைத்ததும் இவர் கைகட்டிக்கொண்டு நின்றார், ஏதோ தானே பெற்று வளர்த்த மாதிரி. அது போய்ச் சோபாவுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கத்தியது. எடுத்து விட்டோம். திரைச்சீலையைத் தின்றது. எடுத்து விட்டோம். பூனை அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஹாலைச் சுற்றி வந்தது. தடியன் வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக் குரைத்து, கண்ணாடி பூராவும் எச்சில். முடி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. "செட்டிங்ஸ்ல ஏதோ பண்ணணும்" என்றார் இவர். செட்டிங்ஸ் என்றால் என்னவென்று இவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. திருப்பி அனுப்பியாயிற்று.

பாப்பா பரீட்சை முடித்துவிட்டாள். உன் அறைக்குத் திரை தைக்கிறாள். உனக்கு நீலம் பிடிக்குமா என்று கேட்கச் சொன்னாள், எழுது.

உன் தங்கை

*

ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதம். மனசு சரியில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த அறையில் அது இருக்கும்வரை எனக்கு அங்கே தூக்கம் வராது. எனக்கென்று நான்கு சுவர் இல்லாமல் இந்த வயசில் வந்து உட்கார முடியாது. பிரேக்காரரிடம் நயமாக எடுத்துச் சொல். பணம் வாங்கிக்கொண்டு வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. வேளைக்குச் சாப்பாடு, ஒழுங்கு, பழக்கவழக்கம் எல்லாம் அவர்களே கற்றுக் கொடுப்பார்கள். லீவுக்கு வேண்டுமானால் கூட்டி வந்து வைத்துக்கொள். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், பிறகு பழகிவிடும். அதற்கும் அதுதான் நல்லது.

உன்னை நினைத்துத்தான் சொல்கிறேன். வேறொருத்தி விட்டுப்போனதைத் தூக்கிச் சுமக்க உன் முதுகு தாங்காது.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

நீ சொன்னாயே என்று அப்படிப்பட்ட ஓர் இடத்தைப் போய்ப் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை, பாப்பாவிடம் சத்தியமாகச் சொல்லவில்லை. வாசலில் 'அன்பு இல்லம்' என்று பலகை. உள்ளே வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். ஆளுக்கொரு அலுமினியத் தட்டு. நான் நுழைந்ததும் எல்லாமே கம்பியைப் பிடித்து எழுந்து நின்று ஊளையிட்டன. நடத்துகிறவர், வெற்றிலைக் கறை பல்லோடு, "ரெண்டு நாள் கத்தும் மேடம், அப்புறம் சத்தம் போடாம மூலையில உக்காந்துக்கும்" என்றார், ஏதோ அது நல்ல செய்தி மாதிரி. தூ என்று துப்பாத குறையாகத் திரும்பி வந்தேன். நீயே நேரில் பார்த்திருந்தால் அந்த வார்த்தையை எழுதியிருக்க மாட்டாய். லீவுக்குக் கூட்டி வரச் சொல்கிறாய், அதற்கு ஏது லீவு? விளையாட்டுக்கு எழுதினாய் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் உன் பேச்சைத் தட்டவில்லை. அதன் படுக்கையை அந்த அறையிலிருந்து எடுத்துப் பின்வாசல் பக்கம் போட்டுவிட்டோம். பாப்பாவும் தன் கட்டிலை ஹாலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "பெரியம்மாவுக்கு முழு ரூமும் இருக்கட்டும், வயசானவங்க" என்றாள். வயசானவங்க என்றதற்கு நீ கோபித்துக்கொள்வாய் என்று தெரியும்.

மெஷினும் வாங்கிவிட்டேன். வயர் உள்ளது, பை வைத்தது, முனையில் மோட்டாரோடு சுற்றும் பிரஷ் இருக்கிறது. பெட்டியில் நாயும் பூனையும் ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கிற படம். எந்த வீட்டில் பார்த்தார்களோ! ஆனால் முடியை எடுக்கிறது, குறை சொல்ல முடியவில்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது. இனி உனக்கென்ன தடை?

உன் தங்கை

*

மே 2

அன்புத் தங்கைக்கு,

சுகம். சுகமென்று நம்புகிறேன்.

கூண்டு, ஊளை, அலுமினியத் தட்டு! நல்ல கிண்டல். நம் வீட்டு நாக்கு உனக்கும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என்னிடமே தீட்டிக் காட்ட வேண்டாம். அறையைக் காலி செய்தது சரி. ஹாலில் போட்டுக்கொண்டால் போகவர அங்கேதானே கண்ணில் படும்?

ஜூன் கடைசியில் வருகிறேன். அதற்குள் ஒரு முடிவு சொல்.

அக்கா

*

மே 10

அன்புள்ள அக்கா,

நான் எதற்குக் கிண்டல் செய்யப் போகிறேன்? போய்ப் பார்த்ததைத்தான் எழுதினேன். போகட்டும், உன் முழங்காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வலி கூடிவிட்டதா?

இங்கே ஒரு கூத்து நடந்தது. புது மெஷினில் சுற்றும் பிரஷ் ஒருநாள் சுற்றாமல் நின்று புகைந்தது. பெட்டியில் சிரிக்கிற நாயைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் பிரஷைக் கழற்றினார். கத்தரிக்கோலால் அறுத்து அறுத்து, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்ததை எடுத்துத் தரையில் போட்டார். "இது நாய் முடி இல்லீங்க. அது குட்டை, நேரா பைக்குள்ள போயிடும். இது பொம்பளைங்க தலைமுடி" என்றார். பார்த்தால் நிஜமாகவே எல்லாம் முழ நீளம். நரைத்ததெல்லாம் என்னுடையது, கறுப்பெல்லாம் பாப்பாவுடையது. அவளுக்கு இடுப்புவரை தொங்குகிறதே! நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். இத்தனை மாதமாகத் தடியன் தலையில் பழியைப் போட்டு, சோற்று நேரத்தில் வெளியே தள்ளி, படுக்கையைப் பின்வாசலில் போட்டு, கடைசியில் பார்த்தால் குற்றவாளி வீட்டு எஜமானிகள்.

உன் சால்வையில் ஒட்டியதும் நீளமாகத்தான் இருந்ததா? ஞாபகப்படுத்திப் பார்த்து எழுது. தடியனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் தங்கை

*

மே 16

அன்புத் தங்கைக்கு,

இப்போதாவது கண் திறந்ததா?

நான் எந்தக் கடிதத்தில் நாயைப் பற்றிப் புகார் எழுதினேன்? அதை 'அவன்' என்று எழுதாதே என்று இலக்கணம் சொன்னேன், அவ்வளவுதான். பாவம், வாலாட்டிவிட்டுத் தன் பாட்டுக்குப் படுத்திருக்கிற ஜீவன், அதனால் எனக்கு என்ன? நான் சொன்னதெல்லாம் அந்தப் பெண்ணை. நிஜமாகவே உனக்குப் புரியவில்லையா, இல்லை புரியாத மாதிரி நடித்தாயா? ஹாஸ்டலில் சேர் என்று எழுதினால் நீ நாய்க் கூண்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொல்கிறாய்!

கதவோரம் நின்று என்னைப் பார்த்தது அதுதான். என் தட்டைப் பார்த்தது அதுதான். சால்வையில் இருந்ததும் அதன் முடிதான், நீளமாக, ஆமாம். பெரியம்மா என்று கூப்பிடுகிறதாம். யாருக்கு யார் பெரியம்மா? எங்கோ ஒருத்தி பெற்றுப் போட்டுவிட்டுப் போனது. அதற்கு நான் உறவாக வேண்டுமா? நீயும் ஒரு வார்த்தைக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாய், பார்க்கச் சகிக்கவில்லை. நாளைக்குக் கல்யாணமாகிப் போனால் அது உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கடைசியில் உனக்கு நான், எனக்கு நீ. அதற்குத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஹாஸ்டலுக்கு ஏற்பாடு செய். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 8

அன்புத் தங்கைக்கு,

பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? சாமான்களைக் கட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள், அந்தப் புழுதியில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்கூட்டியே வைத்த விழாவில் மேனேஜர் நான் திருத்தியதை விட்டுவிட்டுப் பழைய பிழைகளோடே வாசித்தார். சிரிக்கக்கூடப் பக்கத்தில் ஆளில்லை. எந்த வண்டிக்கு வருவது என்று எழுது.

அக்கா

*

ஜூன் 21

அக்காவுக்கு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. உன் மே மாதக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், பாப்பா கண்ணில் படக்கூடாதென்று. இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், எழுத எடுத்தால் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது.

உன் எழுத்தில் பிழையே இருக்காது என்று நம்பியதால் ஏமாந்தேன். நீ 'அது' என்றால் அஃறிணை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்டேன். பதினாலு வயசுப் பெண்ணை, திரை தைத்து வைத்துக்கொண்டு உனக்கு நீலம் பிடிக்குமா என்று கேட்டவளை, அப்படி எழுத முடியும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அந்த அற்ப புத்தி உனக்குத்தான் வாய்த்திருக்கிறது. அவள் கேட்டதற்கு நீ பதில்கூட எழுதவில்லை, கவனித்தாயா? நீலமே போதுமென்று அவளே முடிவுசெய்து தைத்துவிட்டாள்.

நான் உனக்கு எழுதுவதையும் உன்னைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தியதும் அவள் மூஞ்சி தொங்கிப்போயிற்று. போன வாரம் வேலை முடிந்து வருகிறேன், தடியனைக் காணோம். பாப்பா கண்ணெல்லாம் வீங்கி ஹாலில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால், "டியூஷன் டீச்சர் வீட்டுல விட்டுட்டேன். அவங்க வச்சுக்கிறாங்களாம். இனிமே நாய் முடி இருக்காது, பெரியம்மாவை வரச் சொல்லுங்க" என்றாள். அம்மா செத்த நாளிலிருந்து கட்டிலுக்கடியில் படுத்த நாய், அக்கா. உனக்காகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். உனக்காக! உன் முகத்தை நினைத்துப் பார்த்தேன், எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போதே போய்த் தடியனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவன் திரும்பவும் அந்த அறையிலேதான் படுக்கிறான், அவளும்தான். கட்டிலை நானே தள்ளிக்கொண்டு போனேன், முதுகு போனால் போகட்டும். தள்ளும்போது கேட்டாள், "பெரியம்மா வராதது என்னாலயா?" என்று. பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா. ஆனா தப்பு அவமேல, உன்மேல இல்ல" என்றேன். ராத்திரிச் சாப்பாட்டில் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தபோது 'அவங்க' என்றாள். பெரியம்மா போய்விட்டது. அதோடு சேர்ந்து எனக்கு வரவேண்டியதும் போயிற்று. இன்றைக்கும் நான் 'இங்க பாருங்க'தான். நீ எனக்குச் செய்த நஷ்டம் அது. அதற்கு உன்னை மன்னிக்க எனக்கு மனசில்லை.

வண்டி எதுவும் பார்க்க வேண்டாம். நீ இங்கே வரக்கூடாது. பணம் வாங்கிக்கொண்டு வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். வேளைக்குச் சாப்பாடு போடுவார்கள்.

நான் உனக்கு எழுதுவது இதோடு சரி. இனி இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பாப்பாதான் பிரிப்பாள், படிப்பாள், பதில் எழுத வேண்டுமா வேண்டாமா என்று அவளே முடிவுசெய்வாள். அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்கு ஏதாவது எழுதத் தோன்றினால் அவள் பெயருக்கு எழுது.

இப்படிக்கு,
அவளை வளர்ப்பவள்